இருபத்து மூன்று கட்டங்கள்

"படிங்க கா. என்ன எழுதியிருக்குன்னு அப்படியே படிங்க," என்றாள் கமலாம்பிகை.

போனின் மறுமுனையில், கடலுக்கு அந்தப் பக்கம் புக்கிட் தெங்கா தொழிற்சாலையில், ரொஸ்னா கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரையைப் பார்ப்பது தீவில், சூலியா தெரு மாடியில் உட்கார்ந்திருந்தவளுக்கே தெரிந்தது. பின்னால் இயந்திர இரைச்சல்.

"சிஸ்டம்... இஸ்... டூ பிக். அப்புறம் என்னமோ போகுது. பெரிசாயிருச்சாம் லா."

"எது பெரிசாச்சு?"

"எனக்கு எப்படித் தெரியும்? உன் பொட்டி, உன் சாமான். நான் பச்சைப் பட்டனை அமுக்கினேன். அரை மணி நேரம் ஓடுச்சு. கடைசியில இப்படிச் சொல்லுது."

"கார்டெல்லாம் சரியாத்தானே தேர்ந்தெடுத்தீங்க?"

"சரியாத்தான் லா. ஒண்ணு விடாம செஞ்சாச்சு."

ஒண்ணு விடாம. அந்த இரண்டு சொல்லை அங்கேயே பிடித்து நிறுத்தி, 'அப்படியென்றால்?' என்று கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் கமலாம்பிகை யாரிடமும் ஒரு கேள்விதான் கேட்பாள். இரண்டாவது கேள்வி கேட்க அவளுக்குக் கூச்சம். எதிராளியைச் சந்தேகப்படுவது போல் ஆகிவிடுமோ என்று பயம். "சரி கா, நான் பார்க்கிறேன்," என்று போனை வைத்துவிட்டாள்.

அன்று திங்கள். தொண்ணூற்றெட்டாம் வருடம், மார்ச் மாதம். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குச் சோதனை.

அந்தத் தொழிற்சாலையில் சர்க்யூட் போர்டுகளைச் சோதிக்கும் கம்ப்யூட்டர்கள் பன்னிரண்டு இருந்தன. பன்னிரண்டும் லினக்ஸில் ஓடின. கம்ப்யூட்டருக்கு உயிர் வந்ததும் முதலில் எழுந்து, எந்தக் கார்டு எங்கே செருகியிருக்கிறது என்று தேடிப் பார்த்து, மற்ற எல்லாவற்றையும் நடத்துகிற அடி நிரலுக்குக் கர்னல் என்று பேர். லினக்ஸில் அதை அவரவர் பெட்டிக்குத் தக்கபடி கட்டிக்கொள்ளலாம். தொழிற்சாலையில் போர்டின் மாடல் மாறும்போதெல்லாம் அளவெடுக்கும் கார்டு மாறும். கார்டு மாறினால் கர்னலையும் மறுபடி கட்ட வேண்டும்.

கட்டுவதற்கென்று கர்னலோடு சேர்ந்தே ஒரு விண்டோ வரும். சாம்பல் நிறம். நூற்றுக்கணக்கான வரிகள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் 'ஒய்', 'எம்', 'என்' என்று மூன்று சின்னப் பட்டன்கள். 'ஒய்' என்றால் சேர்த்துக்கொள். 'என்' என்றால் வேண்டாம். 'எம்' என்றால் தனியாக வை, தேவைப்படும்போது கூப்பிடுகிறேன். தொழிற்சாலை டெக்னீஷியன்கள் அதை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு எழுந்து போனவர்கள்தான். அதனால் கார்டு மாறும் போதெல்லாம் கமலாம்பிகைக்கு அழைப்பு வரும். ஃபெரி ஏறி பட்டர்வொர்த். அங்கிருந்து தொழிற்சாலை பஸ். போய்ச் சேர்ந்து நாலைந்து வரிகளை மாற்றினால் அரை மணி நேர வேலை. ஒரு பகல் போய்விடும். வாரத்தில் இரண்டு பகல், சில வாரம் மூன்று. இப்படிப் பதினொரு மாதம்.

பௌதிகத்தில் பட்டம் வாங்கியது ஃபெரியில் உட்கார்ந்து கடலைப் பார்க்கவா என்று அவள் யாரிடமும் கேட்கவில்லை. அதற்குப் பதிலாகத் தானே ஒரு விண்டோ செய்தாள். மற்ற வேலைகளுக்கு நடுவே ஐந்து மாதம் ஆயிற்று. தொழிற்சாலையில் புழங்கும் இருபத்து மூன்று கார்டுகள் மட்டும். ஒவ்வொன்றுக்கும் அவளே வரைந்த சின்னப் படம், மலாயில் பெயர், ஒரே ஒரு கட்டம். கார்டு இருந்தால் கட்டத்தில் டிக் போடு, இல்லாவிட்டால் விட்டுவிடு. 'ஒய்', 'எம்', 'என்' என்று யாருக்கும் பாடம் எடுக்க வேண்டாம். கீழே பச்சையில் ஒரு பட்டன்: 'பீனா'. கட்டு என்று அர்த்தம். அந்தப் பச்சைக்காக மட்டும் ஒரு நாள் முழுக்கச் செலவழித்தாள். அவள் வாழ்க்கையில் அவளே பார்த்து அழகு என்று நினைத்த பொருள் அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை தொழிற்சாலை அதை ஏற்றுக்கொண்டால் கர்னல் கட்டுவது டெக்னீஷியன்கள் பாடு. கமலாம்பிகை சூலியா தெரு மாடியிலேயே உட்கார்ந்து நிரல் எழுதலாம் என்று முதலாளி முகம்மது கனி வாக்குக் கொடுத்திருந்தார். ஏற்காவிட்டால் அடுத்த சோதனை ஆறு மாதம் கழித்து. அதுவரை ஃபெரி.

"என்னவாம்?" என்று கேட்டார் முகம்மது கனி. தட்டச்சு மெஷின் பழுதுபார்த்த அதே மாடியில் இப்போது கம்ப்யூட்டர் கம்பெனி நடத்துகிறவர். கீழே முர்தபா ரொட்டி போடும் கடை. அதன் எண்ணெய்ப் புகை மாடிக்கு வந்து எல்லாக் கீபோர்டிலும் மெல்லிய படலமாகப் படியும்.

"கர்னல் பெரிசாயிருச்சு பாஸ். யாரோ தேவையில்லாத கார்டையும் ரெண்டு மூணு சேர்த்துத் தொட்டிருப்பாங்க."

"அப்படி அவங்ககிட்ட சொல்லிறாதே. கஸ்டமர் தப்பே செய்யமாட்டான். செஞ்சாலும் நமக்குக் கண்ணு தெரியாது. விளங்குதா?"

விளங்கியது. தன் பெட்டியில் ஓட்டிப் பார்த்தாள். இரண்டு கட்டத்தில் டிக் போட்டு பச்சையை அழுத்தினாள். கர்னல் ஒழுங்காகக் கட்டப்பட்டு எழுந்து, அவள் பேரைக் கேட்டது. எட்டு ஆங்கில எழுத்துக்கு மேல் ஏற்காத பெட்டி அது. 'கமலாம்ப்' வரைக்கும் அடித்து உள்ளே போனாள். ஒரு குறையும் இல்லை.

செவ்வாய்க்கிழமை புக்கிட் தெங்கா போனாள். ரொஸ்னா நீலக் கோட்டும் மணிக்கட்டில் நிலைமின்சாரத்தை வடிக்கும் மின்வாரும் கட்டிக்கொண்டு, ஏழாம் நம்பர் பெட்டிக்கு முன்னால் நின்றாள். முப்பத்திரண்டு வயது. அந்த வரிசைக்கே மூத்த டெக்னீஷியன். சோதனையன்று விண்டோவை இயக்கிக் காட்டப் போகிறவளும் அவள்தான்.

"வா மா. நீயே செய். நான் தொட்டா அதுக்கு ஆகலை."

கமலாம்பிகை உட்கார்ந்தாள். நெட்வொர்க் கார்டு, அளவுக் கார்டு, இரண்டு டிக், பச்சை. இருபத்தாறு நிமிடம். கர்னல் எழுந்தது.

"பார்த்தியா!" ரொஸ்னா கையைத் தட்டினாள். "நீ சொன்னா கேக்குது. என்னைக் கண்டா மூஞ்சியைத் தூக்குது. பொட்டிக்கும் படிச்சவங்களைத்தான் பிடிக்குது போல."

"அப்படியெல்லாம் இல்ல கா."

'நீங்க செய்ங்க, நான் பக்கத்துல இருந்து பார்க்கிறேன்' என்று சொல்ல வாய் வரை வந்தது. எட்டு வயது மூத்தவளைப் பரீட்சைக்கு உட்கார வைப்பது போல் இருக்குமே என்று தயங்கினாள். அவள் தயங்கி முடிப்பதற்குள் மூன்றாம் வரிசையில் யாரோ கூப்பிட்டு ரொஸ்னா போய்விட்டாள். அந்தப் பகுதிக்குப் பொறுப்பான எஞ்சினியர் பழனியப்பன் கடந்து போனார். ஓடும் பெட்டியை ஒரு பார்வை, கைக்கடிகாரத்தை ஒரு பார்வை. "ஃப்ரைடே த்ரீ ஓ கிளாக், மிஸ் கமலா," என்றார். நடையை நிறுத்தவில்லை.

திரும்பி வந்து இரண்டு மாற்றம் செய்தாள். ஒன்று, கர்னல் கொஞ்சம் பெரிதானாலும் ஏற்றுக்கொள்ளும் வேறு முறையில் கட்டச் செய்தாள். இரண்டு, பச்சையை அழுத்தியதும் ஒரு சின்னப் பெட்டி எழுந்து, 'தேர்ந்தெடுத்தது எல்லாம் சரியா?' என்று கேட்கும். சரி என்றால்தான் மேலே போகும். கேள்வி கேட்கக் கூச்சப்படுகிறவள் தனக்குப் பதிலாகப் பெட்டியைக் கேட்க வைத்தாள். புதன்கிழமை டிஸ்கெட்டை உறையில் போட்டு, ஒட்டி, மேலே கையெழுத்துப் போட்டு அனுப்பினார்கள். ஒரு பிரதி ரொஸ்னாவின் பழக்கத்துக்கு. சீல் வைத்த உறை பழனியப்பனின் மேசை இழுப்பறையில். சோதனை அந்த உறையில் இருப்பதற்குத்தான். அதன்பின் ஒரு புள்ளிகூட மாற்றக் கூடாது. தர நிர்ணயச் சான்றிதழ் வாங்கிய தொழிற்சாலை அது. அங்கே எல்லாவற்றுக்கும் ஒரு படிவம், ஒவ்வொரு படிவத்துக்கும் ஒரு நம்பர், ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு விதி.

வியாழக்கிழமை காலை போன் வந்தது.

"கமலா, இப்ப பெரிசுன்னு சொல்லலை."

"அப்பாடா."

"இப்ப ஒண்ணுமே சொல்லலை. கட்டி முடிச்சிச்சு. திருப்பி ஸ்டார்ட் செஞ்சா பாதியில நிக்குது. கீபோர்டும் செத்துப்போச்சு. கால் மணி நேரமா அப்படியே இருக்கு. ஃபேன் மட்டும் சுத்துது."

கமலாம்பிகை கண்ணை மூடிக்கொண்டாள். என்ன நடந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். கர்னலுக்குள் இருக்கும் ஒவ்வொரு கார்டு நிரலும் விழித்ததும் தன் கார்டைத் தேடி ஒவ்வொரு கதவாகத் தட்டும். அந்தக் கார்டே பெட்டியில் இல்லையென்றால் வேறு கார்டின் கதவைத் தட்டி, அது மிரண்டு, பெட்டி மொத்தமும் உறைந்துவிடும். ஆக, தேவையில்லாததைச் சேர்த்திருக்கிறார்கள். மறுபடியும்.

"பட்டன் அமுக்கினதும் 'எல்லாம் சரியா'ன்னு கேட்டுச்சா கா?"

"கேட்டுச்சு. சரின்னு சொன்னேன்."

"சரி கா. பழைய கர்னல்ல ஏத்தி வைங்க," என்று மெல்லச் சொல்லி போனை வைத்தாள்.

பிறகு கையிலிருந்த பேனாவைச் சுவரில் எறிந்தாள். கையேட்டின் நாலாம் பக்கத்தில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறதே, உள்ள கார்டை மட்டும் தேர்ந்தெடுக்கவும் என்று! மலாயில்தானே எழுதியிருக்கிறது! படம் வரைந்து கொடுத்தாயிற்று, பெயர் எழுதிக் கொடுத்தாயிற்று, கேள்வியும் கேட்டாயிற்று. இன்னும் என்ன செய்ய வேண்டும், கையைப் பிடித்து அழுத்த வேண்டுமா? அப்படியென்றால் ஃபெரியிலேயே போய்விடலாமே! இத்தனையும் மனதுக்குள். வெளியே கேட்டதெல்லாம் பேனா தரையில் உருண்ட சத்தம்தான்.

முகம்மது கனி குனிந்து அதை எடுத்து மேசையில் வைத்தார். "இனிமே மாத்த முடியாது மா. நாளைக்கு உன் அதிர்ஷ்டம்."

அன்று மாலை வீட்டில் அப்பா ஐயாத்துரை செய்தித்தாளை மடித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். "என்ன பிள்ளை, உந்தப் பெட்டி இன்னும் சரிவரேல்லையோ?"

"நாளைக்குத் தெரியும் அப்பா."

"றெயில்வேயில நாங்கள் கையாலதான் எழுதினனாங்கள். ஒண்டும் உறைஞ்சு நிக்கேல்லை," என்றார். உதவி செய்வதாக நினைத்துத்தான் சொன்னார்.

வெள்ளிக்கிழமை முகம்மது கனியின் காரில் பாலம் வழியாகப் போனார்கள். சீக்கிரமே கிளம்பியதற்குக் காரணம் இருந்தது. பன்னிரண்டரைக்குத் தொழிற்சாலையில் தொழுகை இடைவேளை. முகம்மது கனி பக்கத்துப் பள்ளிவாசலுக்குப் போனார். மற்ற ஆண்களில் பாதிப் பேரும் அங்கே போனார்கள், மீதிப் பேர் சாப்பிடப் போனார்கள். இரண்டே முக்கால் வரை அந்தப் பெரிய கூடத்தில் பெண்கள் மட்டும் அங்கங்கே இருந்தார்கள். இரைச்சல் பாதியாகக் குறைந்தது.

ரொஸ்னா சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமல் ஒரு படிவத்தை முடித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு இடைவேளைக்கும் பெட்டிக்கு ஒரு படிவம். நாற்பது கட்டங்கள். ஃபேன் ஓடுகிறதா, வயர் இறுக்கமா, மின்வார் சரியா. கமலாம்பிகை பக்கத்தில் உட்கார்ந்து, பேச எதுவும் இல்லாததால் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டிக், டிக், டிக். பிறகு ஒரு கட்டத்தில் டிக்குக்குப் பதிலாக 'என்.ஏ.' என்று குட்டி எழுத்தில் எழுதினாள். அடுத்ததிலும் என்.ஏ. மறுபடி டிக்.

"அது என்ன கா?"

"நாட் அப்ளிகபிள். இந்தப் பொட்டியில அந்த சாமான் இல்ல."

"இல்லாட்டி விட்டுடலாமே?"

ரொஸ்னா தலையைத் தூக்கி அவளை ஒரு மாதிரி பார்த்தாள். கோயிலுக்குள் செருப்போடு வந்தவளைப் பார்க்கிற பார்வை.

"காலியா விடறதா? பைத்தியமா உனக்கு? போன வருசம் ஆடிட்ல ஒரு கட்டம் காலியா இருந்துச்சு. ஒண்ணே ஒண்ணு லா. என் கையெழுத்து கீழே. பழனியப்பன் சார் லெட்டர் கொடுத்திட்டார். இன்னொரு லெட்டர் வந்துச்சுன்னா சுப்பர்வைசர் இண்டர்வியூவுக்கு என் பேரே போகாது. இங்க யாரும் கட்டத்தைக் காலியா விடமாட்டாங்க. சாப்பாட்டுக் கூப்பன்ல கட்டம் இருந்தாலும் ஏதாச்சும் எழுதிட்டுத்தான் கொடுப்போம்."

கமலாம்பிகை படிவத்தின் நாற்பது கட்டங்களையும் மறுபடி மேலிருந்து கீழே பார்த்தாள்.

அவள் இரண்டாவது கேள்வியைக் கேட்டாள்.

"கா... என்னோட விண்டோவுல, பொட்டியில இல்லாத கார்டுக்கு என்ன செய்வீங்க?"

"என்ன செய்றது? உன் கட்டத்துக்குள்ள பேனா போகுமா? என்.ஏ. அடிச்சுப் பார்த்தேன், ஏறலை. டிக் ஒண்ணுதான் விழுது. அதைப் போட்டேன்."

"எத்தனையில?"

"இருபத்து மூணுலயும். அப்புறம் எல்லாம் சரியான்னு கேட்டுச்சு. எண்ணிப் பார்த்தேன். ஒண்ணும் காலி இல்ல. சரின்னேன்." அவள் குரலில் லேசாகச் சந்தேகம் தட்டியது. "சரிதானே?"

கமலாம்பிகைக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. எதிரே சுவரில் கடிகாரம். ஒன்று இருபது. டிக் போடும் கட்டத்துக்குப் பக்கத்தில் 'இல்லை' என்று இன்னொரு கட்டம் வைக்க அரை மணி நேரம் போதும். அந்த அரை மணி நேரம் கையில் இருந்தது. இருந்து என்ன செய்ய? டிஸ்கெட் உறைக்குள். உறை மேசை இழுப்பறைக்குள். உறையின் மேல் அவள் கையெழுத்து.

"கா, இன்னிக்கு மட்டும் ரெண்டே ரெண்டுல டிக் போடுங்க. மத்ததை விட்டுடுங்க. வேலை செய்யும். சத்தியமா."

"முடிச்சதும் அது லிஸ்ட் பிரிண்ட் பண்ணுதே?"

ஆமாம், பண்ணும். அதையும் அவள்தான் எழுதினாள். டிக் போட்டதும் போடாததுமாக இருபத்து மூன்று கட்டமும் அப்படியே தாளில் வரும். கீழே கையெழுத்துக்குக் கோடு. பழனியப்பன் கேட்டுக்கொண்டது.

"இருபத்தோரு காலிக் கட்டம். அதுக்குக் கீழே என் கையெழுத்து. ஃபைல்ல போய் உட்காரும். அடுத்த ஆடிட்ல எவனாச்சும் எடுப்பான்." ரொஸ்னா பேனாவை நீட்டினாள். "நீ போடறியா கையெழுத்து? போடு, நான் விட்டுடறேன்."

பயிற்சி பெற்ற டெக்னீஷியன்தான் கையெழுத்துப் போடலாம். அதுவும் விதி. கமலாம்பிகை பேனாவை வாங்கவில்லை.

இரண்டே முக்காலுக்கு ஆண்கள் திரும்பினார்கள். முகம்மது கனியைக் கூடத்து வாசலிலேயே மறித்தாள். "பாஸ், காரணம் தெரிஞ்சுபோச்சு. தப்பு நம்ம பக்கம். பழனியப்பன் சார்கிட்ட சொல்லி ஒரு வாரம் தள்ளி..."

"மெதுவா பேசு மா." அவர் தொப்பியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். "தள்ளறதுன்னா அதுக்கொரு ஃபாரம். ஃபாரம் போட்டா ரிஜெக்ட் கணக்குத்தான். பேசாம இரு. ஒருவேளை ஓடிட்டா?"

"ஓடாது பாஸ்."

"உனக்கென்ன தெரியும்?" என்றார். அவளைத் தவிர வேறு யாருக்கும் அது தெரிந்திருக்க முடியாது.

சரியாக மூன்று மணிக்குப் பழனியப்பன் உறையைப் பிரித்தார். ரொஸ்னா உட்கார்ந்தாள். டிக். டிக். டிக். மேலிருந்து கீழே, நிதானமாக, இருபத்து மூன்று. பெட்டி கேட்டது: எல்லாம் சரியா? சரி. பச்சை.

இனி நடக்கப் போவதைத் தெரிந்துகொண்டே முப்பத்தொரு நிமிடம் நிற்க வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் சேர்ப்பதால் இன்னும் ஐந்து நிமிடம் கூடுதல். திரையில் வரிகள் ஓடின. எந்தக் கார்டின் நிரல் இப்போது கட்டப்படுகிறது என்று வரியைப் பார்த்தே அவளால் சொல்ல முடிந்தது. இது வேண்டாம். இதுவும் வேண்டாம். இந்தக் கார்டை இந்தத் தொழிற்சாலை போன டிசம்பரிலேயே தூக்கிப் போட்டுவிட்டது. முகம்மது கனி பழனியப்பனிடம் பாலத்து நெரிசலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கமலாம்பிகை தன் ஒரு விரலை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பெட்டியைத் திருப்பி இயக்கினார்கள். எழுத்துகள் ஏறின. பாதியில் நின்றன. ஃபேன் சுற்றியது.

பழனியப்பன் ஐந்து நிமிடம் காத்திருந்தார். விதி ஐந்து நிமிடம். பிறகு படிவத்தை எடுத்தார். "காஸ்?" என்றார் பொதுவாக. தோல்விக்கான காரணம் என்ற வரிக்கு மேல் அவர் பேனா நின்றது.

"ஆபரேட்டர் மிஸ்டேக் சார்," என்றார் முகம்மது கனி, ஒரு நொடி தாமதிக்காமல். "மேனுவல்ல நாலாம் பக்கம் பாருங்க. உள்ள கார்டு மட்டும்னு தெளிவா போட்டிருக்கோம். டூல்ல ஒரு குறையும் இல்ல."

பழனியப்பன் புரட்டிப் பார்த்தார். போட்டிருந்தது. "ரொஸ்னா, படிச்சியா?"

"படிச்சேன் சார்."

"அப்புறம்?"

ரொஸ்னா மின்வாரைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"ஆபரேட்டர் தப்புன்னா டூல் பாஸ் ஆயிடும்," என்று தனக்குத்தானே சொல்வது போல் சொன்னார் பழனியப்பன். "ட்ரெயினிங் கண்டிஷனோட." ஆங்கிலத்தில் 'ஓ' என்ற முதல் எழுத்தைப் போட்டார்.

பாஸ் ஆயிடும். அந்த வார்த்தை கமலாம்பிகையின் காதில் விழுந்தது. ஃபெரி இல்லை. தொழிற்சாலை பஸ் இல்லை. சூலியா தெரு மாடி, எண்ணெய் படிந்த கீபோர்டு, பகல் முழுக்க நிரல். ஒன்றும் செய்ய வேண்டாம். அவளுக்கு நன்றாக வருவது எதுவோ அதையே செய்தால் போதும்: பேசாமல் நிற்பது.

"இல்ல சார்," என்றாள்.

யாருக்கும் கேட்கவில்லை. காற்றுதான் வந்தது.

"இல்ல சார்!" இந்த முறை தேவைக்கு மேல் சத்தமாக வந்துவிட்டது. அடுத்த வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்குக் காது சுட்டது. "அவங்க மேல தப்பில்ல. கட்டத்தைக் காலியா விடக்கூடாதுன்னு நீங்க சொல்லியிருக்கீங்க. அவங்க விடல. என்னோட விண்டோவுல 'இல்லை'ன்னு சொல்ல இடமே இல்ல. நான் வைக்கல."

முகம்மது கனி கூரையைப் பார்த்தார்.

பழனியப்பன் ரொஸ்னாவின் மேசையில் கிடந்த படிவத்தைப் பார்த்தார். நாற்பது கட்டம். டிக், டிக், என்.ஏ. பிறகு திரையைப் பார்த்தார். பிறகு கொஞ்ச நேரம் எதையும் பார்க்கவில்லை. அந்த விதியை எழுதியவரே அவர்தான்.

"அப்ப டூல் ஃபால்ட்?"

"ஆமா சார். அரை மணி நேரம் கொடுத்தீங்கன்னா இங்கயே..."

"சீல் வெச்ச வெர்ஷன்தான் மிஸ் கமலா. ஐ கேனாட்." நிஜமாகவே வருத்தத்தோடு சொன்னார். வருத்தத்தால் விதி ஒன்றும் மாறவில்லை. 'ஓ' மீது ஒரே ஒரு கோடு இழுத்து, விதிப்படி பக்கத்தில் இனிஷியல் போட்டு, 'டூல்' என்று எழுதினார். கீழே ரிஜெக்ட் என்ற கட்டத்தில் டிக். அக்செப்ட் என்ற கட்டத்தில் என்.ஏ. "செப்டம்பர்ல பார்க்கலாம்."

அவர் போனதும் ரொஸ்னா சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தாள். சோறு ஆறிப்போயிருந்தது.

"என்ன பொண்ணு லா நீ," என்றாள், சோற்றைப் பார்த்தே. "வாயைத் தொறக்கவே தொறக்காதே, தொறந்தா இப்படித் தொறக்கறே. இனிமே ஆறு மாசம் உன் மூஞ்சியை நான் பார்க்கணுமே." ஒரு வாய் சாப்பிட்டாள். பிறகு பொட்டலத்தில் இருந்த பொரித்த முட்டையைப் பாதியாகப் பிய்த்து அவள் பக்கம் தள்ளினாள்.

பாலத்தின் பாதியில் முகம்மது கனி வாயைத் திறந்தார்.

"ஓ போட்டுட்டான் மா. ஆபரேட்டர்ல இன்னும் ஏழே எழுத்து. அவ்வளவு நேரம் உன்னால வாயை மூடிக்கிட்டு இருக்க முடியலையா? வருசம் பூரா மூடியே கெடக்கிற வாய்!"

கமலாம்பிகை கடலைப் பார்த்தாள். தூரத்தில் மஞ்சள் ஃபெரி ஒன்று பட்டர்வொர்த் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

திங்கள் காலை அதே ஃபெரியில் போனாள். ஏழாம் நம்பர் பெட்டிக்குப் புதுக் கார்டு வந்திருந்தது. தன் விண்டோவைத் திறக்க அனுமதி இல்லை. நிராகரிக்கப்பட்ட நிரல். கர்னலோடு வரும் பழைய சாம்பல் விண்டோவைத் திறந்தாள். வரிகள் மளமளவென்று விரிந்தன.

ரொஸ்னா நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். "இது என்ன, இவ்வளவு அசிங்கமா இருக்கு?"

"இதுதான் கா ஒரிஜினல். லினக்ஸோடயே வர்றது."

"இந்த 'ஒய்' எதுக்கு?"

"கார்டு இருக்குன்னா அது."

"இந்த 'என்'?"

"இல்லைன்னா அது."

ரொஸ்னா திரைக்கு மிக அருகே முகத்தைக் கொண்டுபோனாள். மேலிருந்து கீழே விரலை ஓட்டினாள். ஒவ்வொரு வரியிலும், ஒன்று விடாமல், ஏதாவது ஒரு பட்டன் அமுங்கியிருந்தது. காலி என்று ஒன்றுகூட இல்லை.

"இதுல என்.ஏ. இருக்கே லா!" என்றாள். "எல்லா வரியிலயும் இருக்கே. இதையே எங்ககிட்ட கொடுத்திருக்கலாமே. எதுக்கு அஞ்சு மாசம் உட்கார்ந்து படம் வரைஞ்சே?"

கமலாம்பிகைக்குச் சொல்ல நிறைய இருந்தது. அந்தப் பட்டன்கள் உங்களைக் குழப்பும் என்று நினைத்தேன். உங்களுக்காகத்தான் எடுத்தேன். பச்சை நிறம் உங்களுக்குப் பிடிக்குமென்று... அதற்குப் பதிலாக மவுஸை நகர்த்தி அடுத்த வரியில் 'என்' மீது அழுத்தினாள்.

"தள்ளு," என்றாள் ரொஸ்னா. "நீ வாயால சொல்லு, நான் அமுக்கறேன்."

தள்ளி உட்கார்ந்தாள். நாலைந்து வரியை மாற்றினால் போதும், ஆனால் ரொஸ்னா முதல் வரியிலிருந்து ஒவ்வொன்றாகத் தொடங்கினாள்.

"இது?"

"இல்லை."

"இது?"

"இல்லை."

"இது?"

"இருக்கு."

ரொஸ்னா ஒரு தவறும் செய்யவில்லை. வரிக்கு இரண்டு விநாடிகூட ஆகவில்லை. அதைப் பார்க்கப் பார்க்கக் கமலாம்பிகைக்கு எரிச்சல்தான் வந்தது. யார் மேல் என்று சொல்லவும் முடியவில்லை.

"இன்னும் எத்தனை இருக்கு?"

"நானூத்துச் சொச்சம்."

"இருக்கட்டும்," என்றாள் ரொஸ்னா, கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல். "உனக்கு பஸ் அஞ்சரைக்குத்தானே. அடுத்தது சொல்லு."

"இல்லை," என்றாள் கமலாம்பிகை.